பாப்பா கழுத்தில் லைன் போட்டபோது நுரையீரலில் ஓட்டை: யார் தப்பு?

கேள்வி: கொருக்குப்பேட்டை வாசகர், 17.10.2024, இரவு 10:52

அண்ணன் மகளுக்கு மூன்று வயது. செவ்வாய்க்கிழமை மழையில், முழங்கால் தண்ணீரில் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தோம். நிமோனியா, ஐசியூ, வென்டிலேட்டர். நேற்று இரவு பிரஷர் இறங்குகிறது, கழுத்தில் பெரிய நரம்பில் லைன் போட வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிட்டது, விலாவில் குழாய் போடணும் என்று இன்னொரு கையெழுத்து. நிமோனியாவுக்குப் போன குழந்தைக்கு நுரையீரலில் ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் தப்புதானே? கேஸ் போடலாமா?

17.10.2024, இரவு 11:40

தப்பு இல்லை.

பதினாறு வருஷம் குழந்தைகள் ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் லைன், அதாவது மருந்து ஏற்ற ரத்தக்குழாய்க்குள் விடும் மெல்லிய குழாய், போடும்போது ட்ரேயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது நான்தான். கழுத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாய்க்கு அடியில், காறையெலும்புக்குச் சற்று மேலேயே, நுரையீரலின் உச்சி வந்து நிற்கிறது. பெரியவர்களுக்கு நீளக் கழுத்து. மூன்று வயதுக் குழந்தைக்குக் கழுத்து எங்கே, தாடை எங்கே என்று தேட வேண்டும். தோளுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்தால்தான் கழுத்தே வெளியில் தெரியும். ஊசி நுனி ஒரு நெல்மணி அளவு கூடுதலாக இறங்கினால் போதும்.

வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு மிஷின் ஒவ்வொரு மூச்சையும் உள்ளே தள்ளுகிறது. அதனால் சின்ன ஓட்டை வழியாகவும் காற்று சேர்ந்துகொண்டே போகும். காத்திருக்காமல் குழாய் போட்டது அதனால்தான். குழாயின் மறுமுனை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் இருக்கும், அதில் குமிழி வரும். பார்த்துப் பயப்படாதீர்கள், வெளியே வர வேண்டிய காற்றுதான் வருகிறது. பெரும்பாலும் ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளும். குமிழி நின்று, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருப்பது தெரிந்தால் குழாயை எடுத்துவிடுவார்கள்.

கழுத்தில் லைன் போட்டதும் எக்ஸ்ரே எடுப்பதே இரண்டு விஷயம் பார்க்கத்தான். நுனி சரியான இடத்தில் இருக்கிறதா, காற்று கசிந்திருக்கிறதா. எடுத்தார்கள், பார்த்தார்கள், உங்களிடம் சொன்னார்கள். மறைக்கவில்லை.

18.10.2024, காலை 7:20

ட்யூட்டி முடிந்து பஸ்ஸில் எழுதுகிறேன். "பெரிய நரம்பு" என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஊசி போடும் இடத்தையெல்லாம் நாம் நரம்பு என்றே சொல்கிறோம், நானும் வார்டில் அப்படித்தான் சொல்வேன். உண்மையில் அது சிரை, ரத்தம் இதயத்துக்குத் திரும்பிப் போகும் குழாய். ஒரு தாத்தா "நரம்புல ஊசி போட்டா கை கால் வராம போயிடுமே" என்று கையெழுத்தே போட மாட்டேன் என்றார். குழாய் என்று சொல்லி, கார்ப்பரேஷன் மெயின் பைப்பைக் காட்டி விளக்கிய பிறகுதான் பேனாவைத் தொட்டார்.

இன்னொரு பாட்டி, திருவொற்றியூர்க்காரர். டாக்டர் "சென்ட்ரல் லைன் போடணும்" (இந்த லைனின் பெயரே அதுதான்) என்றதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேரனை மாற்றுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். "ஆம்புலன்ஸ் எங்க நிக்குது சிஸ்டர்?" என்று என்னிடமே கேட்டார்.

18.10.2024, இரவு 9:05

"ஏன் கையில் போட்ட சாதா ஊசி போதாதா? எதற்குக் கழுத்துக்குப் போனார்கள்?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

பிரஷரை ஏற்றும் மருந்துகள், அட்ரினலின் மாதிரி, சின்னக் குழாயிலிருந்து வெளியே கசிந்தால் தோல் கறுத்துச் செத்துவிடும். பெரிய சிரையில் ரத்தம் ஆறு மாதிரி ஓடுவதால் மருந்து உடனே கரைந்துவிடும். அதற்காகத்தான் கழுத்து. ஆனால் லைன் போடும்வரை மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. 2020இல் வந்த உலகளாவிய குழந்தைகள் செப்சிஸ் (கிருமித்தொற்று முற்றி உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) வழிகாட்டியே, பெரிய லைன் உடனே கிடைக்கவில்லை என்றால் கைக் குழாயிலேயே நீர்த்த மருந்தை ஆரம்பிக்கலாம் என்கிறது. அதுவும் கிடைக்கவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஊசி போடுவோம். பார்க்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் உயிரைப் பிடித்து நிறுத்தும். கையில் ஓடும்போது என் மாதிரி ஆள் ஒருத்தி அந்த இடத்தை நிமிஷத்துக்கு நிமிஷம் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளுத்தாலோ சில்லிட்டாலோ உடனே நிறுத்த வேண்டும்.

சரி, போடும்போது என்ன நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். வெளியே சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

முதலில் ஊசி. அதன் வழியாக மெல்லிய கம்பி, நுனி ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்திருக்கும். ஊசியை எடுத்துவிட்டு, கம்பியின்மேல் ஒரு கெட்டிக் குழலை ஓட்டி வழியை அகலமாக்கி, அதையும் எடுத்து, கடைசியில் லைன். செல்டிங்கர் என்ற ஸ்வீடன் டாக்டர் 1953இல் எழுதிய முறை, இன்றைக்கும் அதேதான். குழந்தைக்குப் போடும் லைன் நாலு பிரெஞ்ச் (குழாய்த் தடிமனுக்கான அளவு) என்றால் ஒன்றேகால் மில்லிமீட்டரை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். போய்ச் சேர வேண்டிய சிரையே ஏறக்குறையப் பென்சில் பருமன்தான். பிரஷர் இறங்கிய குழந்தைக்கு அதுவும் சுருங்கிப் போயிருக்கும்.

அந்தச் சிரையை ஒட்டியே தமனி ஓடுகிறது. ஊசி அதில் பட்டால் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் துள்ளி வரும் என்று பாடத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் இறங்கிப்போன குழந்தைக்குத் தமனி ரத்தமும் கறுப்பாகத்தான் வரும், துள்ளவும் துள்ளாது. ஒரு ராத்திரி எங்கள் டாக்டர் ஊசியில் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கம்பியை விடவில்லை. ஒரு நீளக் குழாயை மாட்டி மேலே தூக்கிப் பிடித்தார். ரத்தம் குழாயில் ஏறி ஏறி வந்தது, நிற்கவே இல்லை. சிரை என்றால் கொஞ்ச உயரத்தில் நின்றிருக்கும். ஊசியை எடுத்துவிட்டு என் இரண்டு விரலை அங்கே வைத்து அழுத்தச் சொன்னார். பத்து நிமிஷம். சுவர்க் கடிகாரத்தில் முள் நகரவே இல்லை என்று தோன்றியது. வெறும் ஊசி என்பதால் அதோடு போயிற்று. அந்தக் கெட்டிக் குழல் தமனிக்குள் போயிருந்தால் கதை வேறு. அதை உருவவே கூடாது, அப்படியே விட்டுவிட்டு ரத்தக்குழாய் சர்ஜனைக் கூப்பிட வேண்டும்.

கம்பி இதயத்தைத் தொட்டால் மானிட்டரில் தாளம் தப்பும். இரண்டு விரல்கடை பின்னால் இழுத்ததும் சரியாகிவிடும். அதனால் கம்பி போகும்போது மானிட்டர் சத்தத்தைக் குறைக்க நான் யாரையும் விடுவதில்லை. இன்னொன்று, கம்பியின் வால் யாராவது ஒருவர் கையில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். விட்டால் உள்ளே போய்விடும். பட்டக் கயிறு மாதிரி, ஒரு நொடிதான்.

19.10.2024, மதியம் 1:30

வார்டில் இப்போது டெங்கு. ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்த குழந்தைக்கு லைன் என்றால் இடம் தேர்ந்தெடுப்பதே பெரிய விவாதம். காறையெலும்புக்கு அடியில் குத்தி ரத்தம் கசிந்தால் எங்கே அழுத்துவீர்கள்? மேலே எலும்பு. அதனால் கையால் அழுத்த முடிகிற இடம்தான். முடிந்தவரை போடாமலே சமாளிக்கப் பார்ப்பார்கள். தொடையில் போட்டால் நுரையீரல் பயம் இல்லை. ஆனால் டயப்பர், மூத்திரம், எல்லாம் அங்கேதான். கழுத்தில் போட்டால் பால், ஜொள்ளு, மடிப்பில் வியர்வை. இடது கழுத்தில் போடவே கூடாது.

19.10.2024, மாலை 6:10

மயக்க மருந்து டாக்டர் ஒருவர் தனிச்செய்தியில் என் காதைத் திருகியிருக்கிறார். இடது பக்கம் "போடவே கூடாது" என்றது தப்பு. வலது பக்கம் இதயத்துக்கு நேர்ப்பாதை. இடது பக்கம் வளைந்து போகிறது, நிணநீரைக் கொண்டுவரும் பெரிய குழாயும் அங்கேதான் வந்து சேர்கிறது, அதில் பட்டால் நெஞ்சில் பால் மாதிரி நீர் சேரும். அதனால் வலதுதான் முதல் விருப்பம், இடது தடை இல்லை. அதே மாதிரி, தொடை என்றாலே கிருமி என்று பெரியவர்களுக்குச் சொல்லும் அளவுக்குக் குழந்தைகளுக்குச் சொல்ல முடியாதாம். குழந்தைகளுக்குத் தொடையில் பயப்பட வேண்டியது ரத்தம் உறைவதற்குத்தான். ஒரு கால் மட்டும் வீங்கினால், நிறம் மாறினால், உடனே சொல்லுங்கள். கழுத்து லைன் என்றால் முகமும் கழுத்தும் வீங்கும். குழந்தைகளுக்குச் சிரைகளில் ரத்தம் உறைய முதல் காரணமே இந்த லைன்தான் என்பது நான் படிக்கிற காலத்திலேயே சொன்னது.

19.10.2024, இரவு 11:55

தூக்கம் வரவில்லை. முதல் பதிவில் "தப்பு இல்லை" என்று முதல் வரியிலேயே அடித்து எழுதிவிட்டேன். திரும்பப் படித்தால் எனக்கே பிடிக்கவில்லை.

நடக்கக்கூடியது என்பது வேறு, தவிர்க்கவே முடியாதது என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது எங்கள் தொழிலில் இருக்கிற பழக்கம். கன்சென்ட் தாளில் "நுரையீரலில் காற்று சேரலாம்" என்று அச்சடித்திருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. ஸ்கேன் வைத்துப் பார்த்துக்கொண்டே ஊசி போட்டார்களா? கழுத்துச் சிரைக்கு அப்படித்தான் போட வேண்டும் என்று இங்கிலாந்தில் 2002இலேயே வழிகாட்டி வந்துவிட்டது. எங்கள் ஐசியூவிலும் ஸ்கேன் மிஷின் இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு அது பூட்டிய ரூமில் இருந்ததும் உண்டு. எத்தனை தடவை குத்தினார்கள்? இரண்டு மூன்று தடவை கிடைக்கவில்லை என்றால் கையை மாற்ற வேண்டும், மூத்தவரைக் கூப்பிட வேண்டும். ஐந்தாவது குத்தில் நுரையீரலில் பட்டது என்றால் அதை விதி என்று நான் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்கும், இருக்க வேண்டும். எழுதிக் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறைப்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கத்த வேண்டாம், கும்பல் சேர்த்துக்கொண்டு போகவும் வேண்டாம். குழந்தை இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

20.10.2024, காலை 10:15

ஞாயிறு. வீட்டுக்காரர் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருக்கிறார். போன தடவை வஞ்சிரம் என்று சொல்லி எதையோ தலையில் கட்டி அனுப்பினார்கள். மீன் வருவதற்குள் ஒரு கதை.

லைன் யாரால் வந்தது தெரியுமா? 1929, ஜெர்மனியில் ஏபர்ஸ்வால்டே என்ற சின்ன ஊர். வெர்னர் ஃபோர்ஸ்மான் என்று ஒரு இளம் டாக்டர், கை வழியாகக் குழாயை விட்டு இதயம்வரை போக முடியும் என்கிறார். மேலதிகாரி கூடாது என்கிறார். ஆபரேஷன் சாமான் எல்லாம் கெர்டா டிட்ஸன் என்ற நர்ஸ் பொறுப்பில். அவரிடம் போய்ப் பேசிப் பேசி மனசை மாற்றுகிறார். அந்த அம்மா, உங்களுக்கு வேண்டாம், எனக்கே போடுங்கள் என்று மேஜையில் படுத்துவிட்டார். அவரைக் கட்டிப் போட்டுவிட்டு, இந்த ஆள் தன் கையிலேயே குழாயை ஏற்றிக்கொண்டார். மூத்திரக் குழாய்க்கு வைத்திருந்தது அது, 65 சென்டிமீட்டர். அப்புறம் கட்டை அவிழ்த்துவிட்டு, இரண்டு பேரும் படியிறங்கி எக்ஸ்ரே ரூமுக்கு நடந்திருக்கிறார்கள். படத்தில் குழாய் இதயத்துக்குள்.

1956இல் நோபல் பரிசு, இன்னும் இரண்டு பேரோடு சேர்த்து. சிஸ்டர் பெயர் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கும் நைட் ட்யூட்டிதான் போட்டிருப்பார்கள்.

1968இல் அமெரிக்காவில் டட்ரிக் என்பவரின் குழு, குடல் வேலை செய்யாத ஒரு பச்சைக் குழந்தைக்கு இந்த வழியிலேயே சாப்பாடு கொடுத்து வளர்த்ததை எழுதியது. அவருக்கு முதல் பெயர் ஸ்டான்லி. நம்ம ஊர் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஒரு கவர்னர் பெயர், அதற்கும் முன்னால் அந்த இடம் 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரம், எங்கள் ஆயா கடைசிவரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னார். அங்கே கஞ்சி, இங்கே ஒரு ஸ்டான்லி சிரை வழியாகக் கஞ்சி. சம்பந்தம் இல்லைதான், ஞாயிற்றுக்கிழமை.

20.10.2024, இரவு 10:30

நேற்று ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணம் உங்கள் கேஸ் மட்டும் இல்லை. இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

2016, மே மாதம். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த ஒரு பையன், ஐந்து வயது. அப்பா படகில் போகிறவர், தடைக்காலம் என்பதால் வீட்டில் இருந்தார், இல்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார். அம்மா உள்ளே. பையனுக்கு ஜுரம் முற்றி ஐசியூவுக்கு வந்தபோது கழுத்தில் லைன் போட்டோம். அழகாக, ஒரே குத்து, எக்ஸ்ரே சுத்தம். ஐந்தாம் நாள் பிரஷர் மருந்தெல்லாம் நிறுத்தி, ஆறாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். லைனோடு. அந்த வாரம் ஆள் பற்றாமல் என்னையும் வார்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

வார்டில் ஏசி கிடையாது. அக்னி நட்சத்திரம். கழுத்து வியர்வையில் பிளாஸ்டர் ஓரம் தூக்கிக்கொண்டே இருந்தது. கண்ணாடி மாதிரித் தெரியும் அந்த ஒட்டு ஏழு நாள் இருக்கலாம் என்பது கணக்கு. ஓரம் தூக்கினால் அந்தக் கணக்கு செல்லாது, அன்றைக்கே மாற்ற வேண்டும். ஸ்டாக் குறைவு என்று மேலே இன்னொரு பிளாஸ்டரை ஒட்டினோம். நானும் ஒட்டினேன்.

அந்த அம்மா தினமும் காலையில் கேட்பார், "சிஸ்டர், இந்த டியூபை எப்ப எடுப்பீங்க? தலையைத் திருப்ப மாட்டேங்கறான்." நான் சொன்னது: "இருக்கட்டும்மா, ரத்தம் எடுக்க வசதி."

யாருக்கு வசதி? எனக்கு. பையனுக்குக் கையில் குழாய் கிடைக்காது, குத்தினால் கத்துவான், நேரம் போகும். லைனில் இழுத்தால் ஒரு நிமிஷம். டாக்டர்கள் ரவுண்ட்ஸில் "லைன் இருக்கட்டும்" என்று தினமும் எழுதினார்கள், நேற்று எழுதியதைப் பார்த்து.

ஒன்பதாம் நாள் மருந்து கொடுத்துவிட்டு லைனைச் சலைன் விட்டுக் கழுவினேன். இருபது நிமிஷத்தில் பையன் நடுங்க ஆரம்பித்தான். கட்டில் கம்பி கடகடவென்று ஆடுகிற நடுக்கம், உதடு நீலம். லைனைக் கழுவியதும் நடுக்கம் வந்தால் லைனுக்குள் கிருமி என்று அர்த்தம், இது எனக்குத் தெரியும், பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். உள்சுவரில் பாசி மாதிரிப் படிந்திருந்ததை நானே தள்ளி ரத்தத்தில் விட்டிருக்கிறேன். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிளெப்சியெல்லா என்ற கிருமி. மறுபடி ஐசியூ, பன்னிரண்டு நாள். பையன் பிழைத்தான். இப்போது எட்டாவது படிக்கிறான், அம்மா பொங்கலுக்கு மெசேஜ் அனுப்புவார். அவருக்கு நான் அந்த "வசதி"யைப் பற்றி இதுவரை எதுவும் சொல்லவில்லை.

லைன் போட்ட டாக்டரை யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் ஒன்றும் இல்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் "தப்பு இல்லை" என்று நான் பாய்ந்ததற்கு இதுதான் காரணமோ என்னவோ. போடும்போது நடப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, எக்ஸ்ரே இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. ஒன்பதாம் நாள் நடப்பதற்கு ஆள் இல்லை.

21.10.2024, காலை 6:50

"அப்போ புள்ளிவிவரம் என்ன சொல்லுது" என்று வியாசர்பாடித் தம்பி கேட்கிறார்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநில ஐசியூக்களில் ஐந்தே காரியம் செய்தார்கள், 2006இல் வெளியிட்டார்கள். கை கழுவு, உடம்பு முழுக்கத் துணி போர்த்திப் போடு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி தடவு, தொடையைத் தவிர், தேவையில்லாத லைனை எடு. ஆயிரம் லைன்-நாளுக்கு (ஒரு லைன் ஒரு நாள் இருந்தால் ஒரு லைன்-நாள்) இரத்தக் கிருமித்தொற்றின் நடுமதிப்பு 2.7லிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. அது பெரும்பாலும் பெரியவர்கள். குழந்தைகள் ஐசியூ 29 சேர்ந்து செய்ததை 2010இல் வெளியிட்டார்கள், 5.4லிருந்து 3.1. அதில் முக்கியம் எண் இல்லை. குழந்தைகளுக்கு வித்தியாசம் காட்டியது போடும் முறையைவிட, போட்ட பிறகு தினமும் பார்க்கிற முறை. அதாவது டாக்டரின் அரை மணி நேரத்தைவிட எங்கள் பத்து நாள். படித்தபோது பெருமையாகவும் இருந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது.

லைன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து விநாடி தேய்த்து, காய விட வேண்டும். ஜூனியர் பெண்கள் மூன்று விநாடியில் முடித்துவிட்டுப் பதினைந்து என்பார்கள். வாய்விட்டு எண்ணச் சொல்வேன். ஒருத்தி பதினொன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

21.10.2024, காலை 8:30

ஒன்று விட்டுப்போனது. குழந்தை மருந்து அரை மில்லி, ஒரு மில்லிதான் இருக்கும், அதனால் கை தானாக இரண்டு மில்லி சிரிஞ்சுக்குப் போகும். சிரிஞ்ச் குறுகலாக ஆக ஆக, அதே கட்டைவிரல் பலத்துக்கு உள்ளே அழுத்தம் ஏறும். அடைப்பு இருக்கிற லைனில் அப்படி அமுக்கினால் லைனே வெடிக்கும். அதனால் கழுவிப் பார்ப்பது பத்து மில்லி சிரிஞ்சில்தான்.

பிறந்த குழந்தைகளுக்குக் கையிலிருந்து நூல் மாதிரி ஒரு லைன் போடுவோம், அது வேறு உலகம். கையை மடக்கினால் நுனி உள்ளே நகரும். நுனி இதயத்துக்குள் போய் உட்கார்ந்து சுவரை அரித்து, சுற்றியுள்ள உறையில் திரவம் சேர்ந்து, நன்றாக இருந்த குழந்தை மூன்றாம் நாள் திடீரென்று துவண்டுபோவதும் உண்டு. அதைச் சந்தேகப்படுகிற ஆள் பக்கத்தில் இருந்து, ஊசி போட்டு அந்தத் திரவத்தை இழுத்தால் பிழைக்கும். சந்தேகப்படத்தான் ஆள் வேண்டும்.

23.10.2024, இரவு 9:40

கொருக்குப்பேட்டைத் தம்பி எழுதியிருக்கிறார். வென்டிலேட்டரை எடுத்தாயிற்று, விலாக் குழாயில் குமிழி நின்று இன்று காலை அதையும் எடுத்தாயிற்று, பாப்பா இட்லி கேட்டாளாம். கேஸ் ஷீட் நகல் கேட்டதற்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்கேன் வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள், இரண்டாவது குத்தில். அப்படியென்றால் என் முதல் வரிக்கே திரும்புகிறேன், ஆனால் இந்தத் தடவை தாளைப் பார்த்துவிட்டு.

கழுத்து லைன் இன்னும் இருக்கிறதாம். ஏழாம் நாள். பிரஷர் மருந்து நின்று மூன்று நாள்.

தம்பி, நாளைக் காலை ரவுண்ட்ஸில் அண்ணியைக் கேட்கச் சொல்லுங்கள், "இன்றைக்கு இந்த லைனில் எந்த மருந்து போகிறது?" எப்போ எடுப்பீங்க என்று கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். எந்த மருந்து என்று கேட்டால் ஷீட்டைத் திறந்து பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்க வசதி என்று ஒரு சிஸ்டர் சொன்னால், கோபப்படாமல் இன்னொரு தடவை கேட்கச் சொல்லுங்கள்.

24.10.2024, மதியம் 2:15

இன்றே எடுக்கிறார்களாம். எடுக்கும்போது குழந்தை உட்கார்ந்திருக்கக் கூடாது, படுத்திருக்க வேண்டும், தலை தாழ்ந்திருந்தால் இன்னும் நல்லது. அழுகிற குழந்தை இழுத்து மூச்சு வாங்கும், அந்த இழுப்பில் ஓட்டை வழியாகக் காற்று சிரைக்குள் போய்விடலாம். அப்படி ஒன்று நான் பார்த்ததில்லை, பார்த்தவர் ஒருவர் சொன்னதே போதும். உருவியதும் ஐந்து நிமிஷமாவது அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத ஒட்டு. உருவிய லைன் முழு நீளம் இருக்கிறதா, நுனி உடையாமல் வந்திருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள், அண்ணியும் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

சுற்றியிருக்கிற பிளாஸ்டரைப் பிய்க்க விடாதீர்கள். தேங்காயெண்ணெய் தொட்டு ஓரத்திலிருந்து மெதுவாக. லைன் போட்ட துளையில் மட்டும் எண்ணெய் படக் கூடாது.

24.10.2024, இரவு 10:05

தழும்பா? கழுத்து மடிப்பில் மிளகு அளவு ஒரு புள்ளி. தையல் போட்ட இடத்தில் இன்னும் இரண்டு, கடுகு அளவு. பள்ளிக்கூடம் சேர்க்கும்போது அங்க அடையாளம் கேட்பார்களே, அதில் எழுதிக்கொள்ளலாம்.